பன்னிரண்டு நாள் மரியாதை

அத்தையை இந்தப் பக்கங்களில் 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். நேரில் ஒரு நாளும் நான் அவளை 'நீ' என்று சொன்னதில்லை. வாங்க, போங்க, சாப்பிடுங்க தான். ஆனால் எழுதும்போது 'அவர்கள்' என்று போட்டால், கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு பெரிய மனுஷி போல ஆகிவிடுகிறாள். மரியாதை ஆளைத் தள்ளி வைக்கும். அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அத்தை என்றது என் மாமியாரை. அவள் என்னைக் கூப்பிட்டது 'ஏட்டி' என்று. ஈரோட்டிலிருந்து என் கல்லூரித் தோழி ஒருத்தி ஒருமுறை தென்காசிக்கு வந்திருந்தாள். அத்தை அடுப்படியிலிருந்து, "ஏட்டி, அந்தப் பிள்ளைக்குக் காப்பியக் குடுத்தியா, இல்ல பேசியே வயித்த நெறச்சுட்டியா?" என்று குரல் கொடுத்தாள். தோழி என்னை ஓரமாகக் கூட்டிப் போய், உன் மாமியார் உன்னைக் கொடுமை செய்கிறார்களா என்று கவலையோடு கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஏட்டி என்பதை எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது. பெற்ற மகளைச் சொல்லலாம், கூடப் பிறந்தவளையும் கூடப் படித்தவளையும் சொல்லலாம். விருந்தாளிக்கு 'வாம்மா'. புது மருமகளுக்கும் 'வாம்மா'தான். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போன முதல் இருபது நாளும் அத்தை என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். உக்காரும்மா, சாப்பிடும்மா, நீ எதுக்கும்மா இதெல்லாம் செய்யுத. இருபதாம் நாள் அவளுடைய மகன் கனடாவுக்கு விமானம் ஏறினார். மறுநாள் காலையில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று போனைப் பார்த்தபடி அடுப்பு முன்னால் நின்றிருந்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது. "ஏட்டி, பாலு பொங்கி அடுப்பெல்லாம் வழியுது, போனையே பாத்துக்கிட்டு நிக்குத, கோட்டிக்காரி."

இப்படிப் பைத்தியக்காரி என்று திட்டு வாங்கிய அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டுப் பெண்ணானேன். தாலி கட்டியது இருபது நாளுக்கு முன்னால் நடந்த வேறு சங்கதி.

என் ஊர் ஆலங்குளம். அங்கே ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தென்காசி, ஒரே பையன், அப்பா இல்லை, கனடாவில் ஒரு லாரி கம்பெனி ஆபீஸில் வேலை என்று வரன் வந்தது. அதில் என் காதில் விழுந்தது கனடா என்ற ஒரு வார்த்தைதான். இதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் வந்ததைவிட அதிக ஆசை கனடா மேல்தான் வந்தது. அவரோடு நான் இருந்தது இருபது நாள். அதில் பாதி நாள் விருந்துக்கு வீடு வீடாகப் போனோம். அவருக்கு அவியல் பிடிக்காது, தூங்கும்போது மின்விசிறி வேகமாக ஓட வேண்டும், அக்குளில் கூச்சம் அதிகம். இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கனடாவைப் பற்றிக் கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன்.

அவர் போகும்போது, உன் விசாவுக்குப் பேப்பர் போட்டுவிட்டேன், ஒரு வருஷத்தில் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'பேப்பர்' ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. பேப்பர் எங்க இருக்கு, பேப்பர் நகந்துதா, பேப்பர்ல ஏதும் கொறை சொல்லுதானா என்று தெருவில் போகிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள். நானும் வேலையை விட்டுவிட்டேன். இதோ கிளம்பப் போகிறவள் எதற்குப் புதுப் பள்ளிக்கூடம் தேட வேண்டும்?

என் போனில் இரண்டு ஊர் வானிலை தெரியும்படி வைத்திருந்தேன். தென்காசி இருபத்தொன்பது. அவருடைய ஊர் மைனஸ் பதினெட்டு. அத்தை அதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். உனக்கு மார்கழி மாசம் பச்சைத்தண்ணியில் குளித்தாலே தும்மல் வரும், அங்கே போய் என்ன செய்வாய் என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். குளிர் பழக வேண்டும். குற்றாலம் இருக்கவே இருக்கிறது.

இப்படித்தான் எங்கள் கனடாப் பயிற்சி ஆரம்பமானது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஆறரை மணிக்கு, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் ஏறி உட்காருவோம். ஆளுக்கொரு துண்டு, மாற்றுச் சேலை, தலைக்கு எண்ணெய். மெயினருவியில் பெண்கள் பக்கம் அத்தை முழங்கையால் வழி உண்டாக்கிக்கொண்டு போவாள். அந்த விஷயத்தில் அவளுக்கு ஈவிரக்கம் கிடையாது. நல்ல தண்ணீர் விழுகிற இடமாகப் பார்த்து என்னைத் தோளில் கைவைத்து உள்ளே தள்ளுவாள். நான் நடுங்கி வெளியே வந்தால் மறுபடி தள்ளுவாள். பக்கத்தில் குளிக்கிறவர்கள் என்ன வேண்டுதலோ என்று பார்ப்பார்கள். "கனடாவுக்குப் போறாள்லா, அதாம்" என்று அருவிச் சத்தத்துக்கு மேல் அத்தை விளக்கம் சொல்லுவாள். குளித்து முடித்ததும் சூடாக மிளகாய் பஜ்ஜி. மைனஸ் பதினெட்டில் பஜ்ஜிக் கடை இருக்காது என்று நான் சொல்ல, அதையும் பழகிக்கொள் என்று என் பங்கிலிருந்து ஒன்றை அவள் எடுத்துத் தின்றாள்.

பிறகு நார்த்தங்காய். நான் கொண்டுபோவதற்கென்று ஒரு பெரிய டப்பா நிறைய உப்பு நார்த்தங்காய் போட்டு வைத்தாள். கனடா டப்பா என்று அதற்குப் பெயர். யாரும் கை வைக்கக் கூடாது. முதல் வருஷம் முடிந்தது, பேப்பர் வரவில்லை. பழசைக் கொண்டுபோகக் கூடாது என்று அந்த டப்பாவை நாங்கள் இருவரும் தயிர்ச்சோற்றுக்குத் தின்று தீர்த்தோம். அவள் புதிதாக ஒரு டப்பா போட்டாள். இரண்டாம் வருஷமும் அதே கதை. கனடாவுக்கென்று செய்த நார்த்தங்காயை இவ்வளவு தின்றவர்கள் தென்காசியில் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தோம். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாதாம். தெருமுனை அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு உண்டு. மாதம் ஒருமுறையாவது பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுப்போம். ஒரு சேலையை எடுப்போம், ஒரு குக்கரை வைப்போம், மறுபடி நிறுப்போம். கடைக்கார அண்ணாச்சி முதலில் சந்தோஷமாக நிறுத்துக் கொடுத்தார். பிறகு, இந்தப் பெட்டி என் கடைத் தராசுக்கே பழகிப்போச்சு என்று கேலி செய்தார். மூன்றாவது வருஷம் ஒன்றும் சொல்லாமல் நிறுத்துக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் நான் எதை நினைத்துக்கொண்டு தூங்கப் போவேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு அடுப்படி. பெரிய கண்ணாடி ஜன்னல். வெளியே பனி விழுகிறது, உள்ளே என் குக்கர் விசில் அடிக்கிறது. கண்ணாடியில் ஆவி படர்கிறது, அதில் நான் விரலால் என் பெயரை எழுதுகிறேன். அவ்வளவுதான். அந்தப் படத்தில் அவர் எங்கே இருந்தார் என்று இன்றைக்கு யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. அத்தை மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நான் போய் ஒரு வருஷத்தில் அவளையும் கூப்பிட்டுக்கொள்வதாகத்தான் ஏற்பாடு.

அவர் தினமும் காலையில் பேசுவார். அங்கே ராத்திரி. பிறகு வாரத்தில் மூன்று நாள், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். வேலை அதிகம் என்றார். நான் நம்பினேன் என்று சொல்வதைவிட, நம்பாமல் இருந்தால் செய்வதற்கு எனக்கு வேறு வேலை இல்லை என்று சொல்லலாம்.

மூன்றாவது குற்றால சீசன். ஆடி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. நான் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். தென்காசிக் கோவில் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளிவிடும். சேலையைப் பிடிப்பதா, பூவைப் பிடிப்பதா என்று திண்டாடிவிட்டு, தலை கலைந்து வீட்டுக்கு வந்தேன். அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள், கையில் போன். மகனோடு பேசியிருக்கிறாள். வழக்கமாக, என் தலையைப் பார்த்தால் 'ஏட்டி, பேய் பிடிச்சவ மாதிரி வார' என்று ஆரம்பித்திருப்பாள். அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "சாப்பிடுதியாம்மா?" என்று கேட்டாள்.

நான் அதை உடனே கவனித்தேன். சாயங்காலம் பாத்திரம் கழுவப் போனேன். வையிம்மா, நான் பாத்துக்கிடுதேன் என்றாள். மறுநாள் துணி துவைக்க விடவில்லை. எனக்கு முதல் தோசையை வைத்தாள். ஏட்டி என்ற சொல் வீட்டிலிருந்து காணாமல் போனது. எதற்கெடுத்தாலும் ம்மா, ம்மா.

இந்த இடத்தில்தான் நான் உலகத்தில் வேறு எவளும் செய்ய முடியாத ஒரு முட்டாள்தனத்தைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் ஊரை விட்டுக் கிளம்பப் போகிற பெண்ணை இப்படித்தான் நடத்துவார்கள். வேலை வாங்க மாட்டார்கள், கடிந்து ஒரு சொல் பேச மாட்டார்கள். ஏட்டி 'அம்மா' ஆகிவிட்டதென்றால் பயணம் உறுதி. நான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை மகனோடு பேசியிருக்கிறாள். அன்றிலிருந்து இப்படி. பேப்பர் வந்துவிட்டது. அவரே வந்து சொல்லட்டும் என்றோ, நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்றோ மறைக்கிறார்கள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆலங்குளத்துக்குப் போன் போட்டு, வந்துட்டு போலிருக்கும்மா, யாருகிட்டயும் சொல்லிராத என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள். நான் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினேன். அத்தை அறை வாசல் வரை வந்து நான் அடுக்குவதைப் பார்த்தாள். "என்ன அத்தை, மரியாதையெல்லாம் ரொம்பப் பலமா இருக்கு?" என்று அவளைச் சீண்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பிரியப் போவதை நினைத்து அழுகிறாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. அவளைத் தனியாக விட்டுப் போகிறோமே என்று நானும் பெட்டி மேல் உட்கார்ந்து சுகமாக அழுதேன். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அவர் செய்ததைவிட அந்த அழுகையை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, அத்தை என்னிடம் குத்தாலம் போயிட்டு வருவமாம்மா என்றாள். சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். மாற்றுச் சேலையும் புதுசு.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் நல்ல தண்ணீர். கூட்டமும் நல்ல கூட்டம். அத்தை குளிக்க வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். நானே முழங்கையால் இடித்து வழி உண்டாக்கிக்கொண்டு போய் நின்றேன். தண்ணீர் தலையில் அறைந்தது. எனக்கு நடுக்கமே இல்லை. குளிர் பழகிவிட்டது, அத்தை பார்க்கிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

உடை மாற்றிக்கொண்டு வந்ததும் என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்துத் தலை துவட்டினாள். துண்டு என் முகத்தை மூடியிருந்தது. அப்போது சொன்னாள்.

"அவன் பேப்பரே போடலம்மா."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். என்ன அத்தை என்றேன். அவள் துவட்டுவதை நிறுத்தவில்லை. மூன்று வருஷமாகப் போடவே இல்லை, அங்கே ஒரு பெண்ணோடு ஒரு வருஷமாகச் சேர்ந்து இருக்கிறான், இனி வர மாட்டான், உன்னையும் கூப்பிட மாட்டான் என்று எல்லாவற்றையும் துண்டுக்கு வெளியே இருந்து சொன்னாள். குரல் உடையவில்லை. எனக்குத் தெரியாமல் எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாளோ.

நான் துண்டை விலக்கினேன். "ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

"ஆடி மொத ஞாயித்துக்கெழம. பன்னெண்டு நாளாச்சு. சொல்லுததுக்கு வாய் வரலம்மா."

அந்தக் கடைசி 'ம்மா'வில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பன்னிரண்டு நாள் மரியாதை. அது கிளம்பப் போகிறவளுக்குக் கொடுத்த மரியாதை இல்லை. தன் மகனால் வாழ்க்கை கெட்ட, யாரோ பெற்ற பெண்ணுக்கு அவள் கொடுத்த மரியாதை. ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி இறங்கும்போதே நான் அவள் வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

கோபம் வந்தது. அங்கே இருந்த மனிதர் மேல் வர வேண்டிய கோபம், அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால், பக்கத்தில் இருந்தவள் மேல் விழுந்தது. "பன்னெண்டு நாளா முதல் தோசைய வச்சு என்னைய ஏமாத்தியிருக்கீங்க. நான் பெட்டி அடுக்குததப் பாத்துக்கிட்டு நின்னீங்களே" என்றேன். அவள் குனிந்தாள். தரையில் விழுந்த துண்டை எடுத்து, பிழிந்து, மடித்துப் பைக்குள் வைத்தாள். பஜ்ஜிக் கடையைத் தாண்டிப் போனோம். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அன்று அவரிடம் வீடியோவில் பேசினேன். நான்கு நிமிடம். அதில் மூன்று தடவை, இதுதான் உனக்கும் நல்லது என்றார். அவர் பின்னால் ஒரு ஜன்னல் தெரிந்தது. கண்ணாடி ஜன்னல்தான்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். பெரியவர்கள் யாரையும் கூட்டி வரவில்லை, பேச்சு வார்த்தையும் இல்லை. பெட்டி தயாராக இருந்தது, அதுவும் சரியாக இருபத்து மூன்று கிலோ. அப்பா அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். தெருவில் யாருக்கும் விஷயம் தெரியாது. எதிர் வீட்டு அக்கா ஓடி வந்து, என் கன்னத்தை வழித்து, நல்லபடியா போயிட்டு வா, கனடா போனதும் எங்களையெல்லாம் மறந்துராத என்றாள். சரிக்கா என்றேன். அரிசிக் கடை அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து நின்று கையசைத்தார். அவருக்கும் கையசைத்தேன். வேறு என்ன செய்வது?

அதற்கு முன்னால், வீட்டை விட்டு இறங்கும்போது, அத்தை வாசல் வரை வந்தாள். கனடா டப்பாவை ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். அந்த வருஷத்து நார்த்தங்காய், மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை. "பாத்துப் போம்மா" என்றாள். நான் கொஞ்சம் நின்றேன். அவள் ஒரு தடவை ஏட்டி என்று அதட்டி, எங்க போற, உள்ள வா, அவன் கெடக்கான் சவம் என்று சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அப்பாவைத் தனியாக அனுப்பிவிட்டு நான் உள்ளே போயிருப்பேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனடாவுக்குப் போக வேண்டிய பெட்டி ஒரு மணி நேரத்தில் ஆலங்குளத்தில் இறங்கியது.

இப்போது நான் பழைய பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்க்கிறேன். விவாகரத்து வழக்கு முடிந்து கையெழுத்தும் போட்டாயிற்று. அவருடைய எண்ணை அழித்துவிட்டேன். அந்த ஊர் வானிலையை மட்டும் ஏனோ எடுக்கவில்லை. அங்கே பனி விழுந்தால் எனக்குத் தெரியும். அவரை இழந்ததற்காக நான் ரொம்ப நாள் அழவில்லை, இருபது நாள் பழக்கத்துக்கு எவ்வளவு அழ முடியும்? கனடாவுக்காக அதைவிடக் கூடுதலாக அழுதேன். அந்த ஜன்னல் இன்னும் கனவில் வருகிறது. ஆனால் பாதி வேலையில் திடீரென்று என்னை நிறுத்திவிடுவது இது இரண்டும் இல்லை. வகுப்பில் ஒரு சிறுமி இன்னொருத்தியை ஏட்டி என்று கூப்பிடுவாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வருஷா வருஷம் சாரல் ஆரம்பித்ததும் அத்தையிடமிருந்து ஒரு போன் வரும். நல்லா இருக்கியாம்மா, அம்மா அப்பா சுகமா, மெயினருவியில் நல்ல தண்ணி விழுதாம். அவ்வளவுதான் பேச்சு. மகன் அவளுக்குக் கனடாவுக்கு டிக்கெட் அனுப்பியதாகவும் அவள் போக மறுத்துவிட்டதாகவும் வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த வருஷமும் பேசினாள். நல்லா இருக்கேன் அத்தை என்று சொல்லிவிட்டு, வைக்கப் போகும்போது என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அத்தை, ஒரே ஒரு தடவ என்னைய ஏட்டின்னு கூப்பிடுங்க."

 அவள் வீட்டுக் கொல்லைத் தகரத்தில் சாரல் விழுவது மட்டும் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். இல்லை.

"அடுத்தவங்க வீட்டுப் பிள்ளைய எப்பிடிம்மா அப்பிடிக் கூப்பிட?" என்றாள். பிறகு, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.